வேடமா, மாறுவேடமா? சீலை கட்டிய ஆணைத் திரையில் கண்டால் நாம் ஏன் சிரிக்கிறோம்?

வடலி எழுதியது:

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அம்மன் கோவிலில் காத்தவராயன் கூத்து. இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறும் வரைக்கும் அம்மாவுடன் பாயில் இருந்து பார்த்தேன். முத்துமாரியாக ஆடியவர் எனக்குத் தெரிந்தவர்தான். பகலில் மேசன் வேலை செய்பவர். எங்கள் கிணற்றுக்கட்டுக்குச் சீமெந்து பூசியவரும் அவர்தான். சிவப்புச் சீலையும் முடியும் கையில் வேப்பிலையுமாக அவர் களரிக்குள், அதாவது கூத்து மேடைக்குள், வந்தபோது அம்மா எழும்பி நின்று கும்பிட்டார். பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் அழுதேவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் 'அவ்வை சண்முகி' போட்டார்கள். அதே அம்மா, கமல்ஹாசன் மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்ததைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இரண்டு நாள் இடைவெளி. இரண்டு ஆண்கள், இரண்டு சீலைகள். ஒன்றுக்குக் கும்பிடு, மற்றதற்குச் சிரிப்பு. "அது பக்தி, இது பகிடி" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அரிச்சந்திர மயான காண்டத்தில் சந்திரமதி செத்த மகன் லோகிதாசனை மடியில் வைத்து அழும்போது அங்கே எந்தச் சாமியும் இல்லை. நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்ற காலத்தில் எதிரே சந்திரமதியாக நின்று பாடியவரும் ஆண்தான். சனம் விம்மி விம்மி அழுதது என்று என் அப்பப்பா சொல்லுவார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கூத்தில் இருப்பது வேடம். படத்தில் இருப்பது மாறுவேடம். களரியில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆடுகிறவர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. சின்னக் காத்தானை ஒருவர் ஆடுவார், வளர்ந்த காத்தானை வேறொருவர் ஆடுவார், அதையும் நாங்கள் கேட்பதில்லை. படத்திலோ கதையே ஒரு மறைப்பு. மாமனாருக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியாது, எங்களுக்கு மட்டும் தெரியும். எப்போது முடி கழன்று விழும் என்று காத்திருக்கிறோம். சிரிப்பு அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் படத்தின் பெயர் டி.கே. சண்முகம் அவர்களின் நினைவாக வந்தது. மேடையில் ஔவையாராக நடித்ததால்தான் அவர் 'அவ்வை சண்முகம்' ஆனார். கமல் சிறு வயதில் அவருடைய குழுவில் இருந்தவர். சண்முகம் ஔவையாராக வந்தபோது சபை சிரிக்கவில்லை. அவர் பெயரை வைத்த படத்துக்குச் சிரிக்கிறது. நடுவில் என்ன நடந்தது?

---

குருநகர்க் காற்று எழுதியது:

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். கத்தோலிக்கக் கூத்துகளில் ராணிகளும் புனிதைகளும் ஆண்கள்தான். எங்கள் சித்தப்பா ஞானசவுந்தரியாக ஆடியிருக்கிறார். கடற்றொழிலாளி, கை இரண்டும் மரம் மாதிரி இருக்கும். கை வெட்டப்படுகிற காட்சியில் அந்தக் கைகளைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு அவர் பாடினால் கரையிலிருந்த பெண்கள் ஒப்பாரியே வைப்பார்கள். அடுத்த நாள் காலையில் அவர் வலையைப் பிரித்துச் சீராக்கிக்கொண்டிருப்பார். யாரும் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

---

ஒளிப்பெட்டி எழுதியது:

நான் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறவன், என் அக்கா மணப்பெண் அலங்காரம் செய்கிறவர். தொழில்காரன் கண்ணால் ஒன்று சொல்கிறேன். வடலி அண்ணா கதையைப் பார்க்கிறார், நான் வெளிச்சத்தைப் பார்க்கிறேன்.

பெட்ரோமாக்ஸ் காலத்துக் கூத்துக் கொட்டகையில் பார்க்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் இடையில் எத்தனை அடி? குறைந்தது இருபது, முப்பது. அந்தத் தூரத்தில் முகத்தின் மயிர்க்கால் தெரியாது. முத்துவெள்ளை என்ற ஒப்பனைப் பூச்சு பூசிய முகம் ஒரு முகமூடி மாதிரி ஆகிவிடும். பெண் என்று கண் எதை வைத்து முடிவு செய்கிறது? சீலையின் விழுகை, நடை, தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, குரல். இவ்வளவுதான். இவை எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை.

கமெரா வந்ததும் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாகிறது. காலையில் வழித்த தாடி மத்தியானம் நீலமாகத் தெரியும். அந்த நீலத்தை மறைக்கத் தோல் நிறப் பூச்சு போதாது, அடியில் செம்மஞ்சள் பூசி அதன்மேல் பூச வேண்டும். தொண்டைக் குமிழை மறைக்கக் கழுத்து உயர்ந்த சட்டை வேண்டும், இல்லையென்றால் அட்டியல் வேண்டும். மணிக்கட்டை ஒன்றும் செய்ய முடியாது. மர்லின் மன்றோ நடித்த 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தில் டோனி கர்ட்டிஸும் ஜாக் லெமனும் பெண் வேடம் போட்டார்கள். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கு, அந்த ஒப்பனை வண்ணத்தில் பார்க்கச் சகிக்காமல் இருந்ததும் ஒரு காரணம். 'அவ்வை சண்முகி'க்கு ஹொலிவூட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோர் என்ற ஒப்பனைக்காரரையே கூப்பிட்டார்கள்.

ஆக, அருகில் போன கமெராவுக்கு இரண்டே வழிகள்தான் மிஞ்சின. ஒன்று, முகத்தை முழுவதுமாக ரப்பரால் மூடு. இல்லையென்றால், மூட முடியாததைக் காட்டிச் சிரிக்க வை. மேடைக்கு இருந்த மூன்றாவது வழி, அதாவது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது, கமெராவுக்குக் கிடையாது என்று நினைக்கிறேன்.

---

கதிரைக்கடியில் பூனை எழுதியது:

ஒளிப்பெட்டி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் உங்கள் விளக்கம் பாதிப் பேருக்குத்தான் பொருந்துகிறது. பெண்கள் ஆண் வேடம் போட்டதை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை?

1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனார் யார்? கே.பி. சுந்தராம்பாள். ஒரு பெண், ஆண் அடியாராக, படம் முழுவதும். அதற்கு அவர் வாங்கியது ஒரு லட்சம் ரூபாய். 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதர் யார்? எம்.எஸ். சுப்புலட்சுமி. 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கப் பணம் வேண்டும் என்பதற்காக நடித்தார். இரண்டும் கமெராவுக்கு முன்னால் போட்ட வேடங்கள்தான். மீசை இல்லாத மென்மையான முகமும் பெண் குரலும் எல்லோருக்கும் தெரிந்தன. சிரிப்புக் காட்டுவதற்காகப் போட்ட வேடங்கள் அல்ல அவை. பாட்டுக்காகப் போட்டவை.

எனவே சிக்கல் வெளிச்சத்தில் இல்லை. பெண் ஆணாக வந்தால் அவள் மேலே ஏறுகிறாள் என்று சபை நினைக்கிறது. ஆண் பெண்ணாக வந்தால் கீழே இறங்குகிறான் என்று நினைக்கிறது. இறங்குகிறவன் வழுக்கி விழுந்தால்தானே சிரிப்பு வரும்?

வடலி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. களரியில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். சந்திரமதியை ஆண் ஆடியதற்குக் காரணம் கலையா, அல்லது ஊர்ப் பெண் ஒருத்தி மேடை ஏறினால் அவள் குடும்பத்துக்கு மானம் போய்விடும் என்ற பயமா? 1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோதும் இதே கதைதான். நடிக்க ஒரு பெண்ணும் கிடைக்காமல், உணவுக்கடையில் வேலை செய்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞரைத் தாராமதி (எங்கள் சந்திரமதி) ஆக்கினார். நான்கு வருடம் கழித்து 'லங்கா தகன'த்தில் அந்த ஆளே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். (எங்கள் நாட்டை எரித்த படத்தில் கணவனும் மனைவியும் ஒருவரே. சிக்கனம்.) இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தின் கதாநாயகி ஓர் ஆண். அதை மாறுவேடம் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. பெண்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்த வேடத்தை நீங்கள் இவ்வளவு புனிதமாகப் பார்க்க வேண்டுமா?

---

வடலி எழுதியது:

பூனைக்குப் பதில் சொல்ல ஒரு நாள் தாருங்கள். சுரீர் என்றிருக்கிறது.

---

மரபுக்காவலன் எழுதியது:

படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் இப்படி நூல் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆண் ஆண்தான், பெண் பெண்தான். நடுவில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது வெள்ளைக்காரன் வேலை. எங்கள் பண்பாட்டில் இதற்கெல்லாம் இடம் இருந்ததில்லை. சிரிக்கிறவர்களைச் சிரிக்க விடுங்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி மரபுக்காவலன், பெயருக்குப் பொருத்தமாகக் கொஞ்சம் மரபையும் வாசியுங்கள்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று பேடியாடல். காமன் ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் ஆடியதாக இளங்கோவடிகள் சொல்கிறார். அதாவது, ஆண் தெய்வம் பெண் கோலத்தில் ஆடிய ஆடலை ஒரு பெண் அரங்கில் ஆடிக் காட்டுகிறாள். இதில் எத்தனை மடிப்பு என்று எண்ணிப் பாருங்கள். பாரதத்தில் அருச்சுனன் ஒரு வருடம் பிருகன்னளையாக இருந்து உத்தரைக்கு நடனம் சொல்லிக்கொடுத்தான். அவன் வில்லெடுக்கும் கை அதனால் கெட்டுப்போகவில்லை.

இலக்கணத்துக்கு வருவோம். உயர்தர வகுப்பில் நான் வருடக்கணக்காகப் படிப்பித்த நன்னூல் நூற்பா ஒன்று உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிற பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிற பேடு பெண்பால். கவனியுங்கள், பவணந்தியார் உடலைப் பார்த்துப் பால் பிரிக்கவில்லை. 'அவாவுதல்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். விருப்பம் எந்தப் பக்கமோ, வினைமுற்று அந்தப் பக்கம். நேர்மைக்காக மூன்றாவது வரியையும் சொல்லிவிடுகிறேன். இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று அந்த வரி முடிகிறது. வகுப்பில் அந்த வரி வரும்போது பின்வரிசை வாங்கில் சிரிப்பு எழும். நான் மேசையில் தட்டி அடக்கிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். ஏன் சிரித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

---

வைகறை எழுதியது:

பல நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் ஐயாவின் கடைசி வரி என்னை எழுத வைத்துவிட்டது. நான் திருநங்கை. யாழ்ப்பாணத்தில் பிறந்து யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறேன்.

ஐயா, அந்தப் பின்வாங்குச் சிரிப்புக்கு முன்வாங்கில் நான் இருந்தேன். உங்கள் வகுப்பில் அல்ல, வேறொரு பள்ளியில். 'பருத்திவீரன்' வந்த வருடம் 2007. அதில் திருநங்கைகளைச் சுற்றி நின்று கேலி செய்கிற பாட்டு ஒன்று உண்டல்லவா? இடைவேளை மணி அடித்தால் அந்தப் பாட்டு தொடங்கிவிடும். படத்தில் அது மூன்று, நான்கு நிமிடம். எனக்கு அது இரண்டு வருடம் ஓடியது. நன்னூலின் முதல் இரண்டு வரிகள் யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது வரிதான் 750 ஆம் இலக்கப் பஸ்ஸில் இன்றைக்கும் ஓடுகிறது. "அது அங்கே இருக்கட்டும், நீங்கள் இங்கே இருங்கள்" என்று நடத்துநர் சொல்வார். அஃறிணை ஒருமை. இலக்கணப் பிழை இல்லாமல் சொல்வார்.

வடலி அண்ணா கூத்தைப் பற்றி எழுதியதை வாசித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்பது வயதில் அம்மம்மாவுடன் போய் நானும் பார்த்தேன். காத்தானின் காதலி ஆரியமாலையாக வந்தவரை விட்டு என் கண் அசையவில்லை. அம்மம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தார், மற்றப் பிள்ளைகள் நித்திரை, எனக்குப் பொறாமை. சீலை கட்டியும் அவரை யாரும் அடிக்கவில்லையே! விடிந்ததும் ஒப்பனைக் கொட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்று பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பீடி ஒன்றைப் பற்றவைத்தார். சுற்றி நின்ற ஆண்கள் அவர் முதுகில் தட்டினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடிந்தவுடன் கழற்றிவிடுவார் என்பதால்தான் அவருக்கு அனுமதி.

எனவே உங்கள் 'வேடம்', 'மாறுவேடம்' இரண்டுக்கும் நடுவில் எனக்கு இடம் இல்லை, அண்ணா. நான் சீலை கட்டுவது வேடம் அல்ல. யாரையும் ஏமாற்றக் கட்டும் மாறுவேடமும் அல்ல. வேடம் என்றால், முன்பு ஆண் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேனே, அதுதான்.

இந்த 'ஏமாற்று' என்ற எண்ணம் பகிடியோடு நிற்பதில்லை. எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 399 ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து வஞ்சிப்பதைப் பற்றியது. அந்தப் பிரிவைக் காட்டித் திருநர்களைப் பிடித்திருக்கிறார்கள். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் காட்டியிருக்கிறார்கள். 'ஆள்மாறாட்டம்' என்ற சொல்லை நீங்கள் நகைச்சுவைப் படத்து விளம்பரத்தில் கேட்டிருப்பீர்கள். நாங்கள் அதைப் பொலிஸ் நிலையத்தில் கேட்கிறோம். 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. மருத்துவரின் சான்றிதழைக் காட்டிப் பிறப்புப் பத்திரத்தில் பால் குறிப்பை மாற்றலாம் என்ற வழி அதன் பிறகு வந்தது. என்னுடையது மாறிவிட்டது. பஸ் நடத்துநர் பிறப்புப் பத்திரம் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

---

மரபுக்காவலன் எழுதியது:

[இந்தப் பதிவு நீக்கப்பட்டுள்ளது.]

---

மட்டுறுத்துநர் எழுதியது:

மேலுள்ள பதிவு தனிநபர் தாக்குதலுக்காக நீக்கப்பட்டது. கருத்தை மறுக்கலாம், ஆளை மறுக்க முடியாது. இன்னொரு முறை நடந்தால் ஒரு மாதத் தடை.

---

மொன்றியல் முருங்கை எழுதியது:

வைகறை தங்கச்சி, எழுதியதற்கு நன்றி.

இங்கே இருந்துகொண்டு நான் நினைத்துப் பார்ப்பது 'ஃபன்னி போய்'. ஷியாம் செல்வதுரையின் நாவல் 1994இல் வந்தது, தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். கொழும்பில் ஒரு தமிழ்ச் சிறுவன், கலியாண விளையாட்டில் சீலை சுற்றிக்கொண்டு மணப்பெண்ணாக இருக்க விரும்புகிறான். பெரியவர்கள் கண்டதும் வீடே மாறிவிடுகிறது. எனக்கு நாவல்தான் பிடிக்கும். படத்தில் அவர்கள் பேசிய தமிழைக் கேட்டபோது, சீலையை விட அந்தத் தமிழ்தான் மாறுவேடம் போட்டிருந்தது. ஆனால் அந்தச் சிறுவன் கண்ணாடி முன்னால் நிற்கிறபோது ஒளிப்பெட்டி சொன்ன மூன்றாவது வழியைக் கமெரா கண்டுபிடித்துவிடுகிறது. யாரையும் ஏமாற்றாத ஒரு சீலை. சிரிப்பு இல்லை, கும்பிடும் இல்லை.

அதோடு அசோக ஹந்தகமவின் 'தனி தட்டுவென் பியாம்பன்ன' (2002). சிங்களப் படம். ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கினால் 'ஒற்றைச் சிறகில் பறத்தல்' என்று வரும். பெண் உடலோடு பிறந்த ஒருவர் ஆணாக வாழ்கிறார், கராஜில் மெக்கானிக் வேலை செய்கிறார், மனைவியும் இருக்கிறார். பூனை கேட்ட கேள்விக்கு இது குறுக்கே நிற்கும். பெண் ஆணாக வந்தால் ஏறுகிறாள் என்றார். மேடையில் ஏறலாம். கராஜில் உண்மையாகவே ஆணாக இருந்தால் ஊர் விடாது. பின்னாளில் யாழ்ப்பாணத்துக்கு வந்து 'இனி அவன்' எடுத்தவரும் இந்த ஹந்தகமதான்.

---

கதிரைக்கடியில் பூனை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். சுந்தராம்பாள் நந்தனாராக ஏறியதும் படம் முடிந்ததும் இறங்கிவிடுவார் என்பதால்தான். வைகறை அக்கா கொட்டிலுக்குப் பின்னால் கண்டதும் நான் சொன்னதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று இப்போது தெரிகிறது.

---

குருநகர்க் காற்று எழுதியது:

'ரெமோ' (2016) பற்றி ஏன் யாரும் எழுதவில்லை? எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு அது பிடிக்கும், எனக்கு அடி வயிறு எரியும். சிவகார்த்திகேயன் தாதியாக வந்து ஒரு பெண் மருத்துவரின் நம்பிக்கையைப் பிடித்து, அதை வைத்தே அவளைக் காதலிக்க வைக்கிறார். 'சண்முகி'யில் தகப்பன் மகளைப் பார்க்கப் பொய் சொல்கிறான், அது மன்னிக்கத்தக்கது. இங்கே ஒரு பெண் தோழி என்று நம்பிச் சொன்ன அந்தரங்கத்தையே ஓர் ஆண் உளவு பார்க்கிறான். இதுதான் உண்மையான ஆள்மாறாட்டம். 399 ஆம் பிரிவை இங்கே அல்லவா போட வேண்டும்?

---

வைகறை எழுதியது:

குருநகர்க் காற்று, உங்கள் பதிவை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். இன்று முதல் சிரிப்பு.

---

வடலி எழுதியது:

கேட்ட ஒரு நாள் நான்கு நாளாகிவிட்டது. மன்னியுங்கள்.

பூனை சொன்னது சரி. கூத்தைப் பற்றி நான் எழுதியதில் ஏக்கம் அதிகம், கணக்குக் குறைவு. ஊர்ப் பெண்ணை ஏற்றாத மேடையில்தான் அந்தச் சந்திரமதி அழுதாள். வைகறை சொன்ன பிறகு, விடியப்புறத்துப் பீடி வாசனை இல்லாமல் அந்தக் காட்சியை என்னால் நினைக்க முடியவில்லை. என் இரண்டு பெட்டிகளில் மூன்றாவது ஆள் ஒருவருக்கு இடமே வைக்கவில்லை என்பதும் உண்மை.

ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. படங்கள் 'தெரிந்தும் தெரியாத மாதிரி' இருக்க மறந்துவிட்டன என்று இன்னும் நினைக்கிறேன். 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தை இங்கே தியேட்டரில் பார்த்தேன். ஷில்பா என்ற திருநங்கையாக விஜய் சேதுபதி காரிலிருந்து இறங்கியதும் விசில் பறந்தது. யாருக்கு விசில்? ஷில்பாவுக்கு அல்ல. "எங்கள் ஆள் சீலை கட்டியும் நடிக்கிறான் பார்" என்று நடிகருக்கு. அந்த வேடத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எங்கள் மேசன் அண்ணன் முத்துமாரியாக வந்தபோது, அவர் துணிச்சலை யாரும் மெச்சவில்லை. முத்துமாரியைத்தான் பார்த்தார்கள். நட்சத்திரம் சீலை கட்டினால் சீலைக்குள் நட்சத்திரம்தான் தெரிகிறது.

---

வைகறை எழுதியது:

வடலி அண்ணா, விசிலைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் நடந்தது. ஆனால் அந்தப் படத்தை நான் முழுவதுமாகத் தள்ளமாட்டேன். ஷில்பாவின் மகன் ராசுக்குட்டி இருக்கிறானே, அவன் ஒரு கணமும் யோசிக்காமல் கையைப் பிடித்துக்கொள்கிறான். கமெராவுக்குத் தெரியாதது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளை கடத்தல் கதையை ஷில்பாவின் வாயில் வைத்ததற்கு எங்கள் ஆட்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் கோபம்தான். ஏற்கெனவே பிள்ளைபிடிகாரி என்று எங்களைச் சொல்கிற ஊரில் அந்த வசனத்தை யார் தாங்குவது?

பட்டியல் போட்டால் இப்படி வரும். 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார் ஆவி. 'பாவக் கதைகள்' தொகுப்பின் 'தங்க'த்தில் (2020) காளிதாஸ் ஜெயராமின் சத்தார் சாகிறார். பேயாக வா, அல்லது செத்துப்போ. நடுவில் 'பேரன்பு' (2018). அதில் மீரா என்ற திருநங்கையாக அஞ்சலி அமீர் நடித்தார், அவரே திருநங்கை. மம்மூட்டி அவரைக் கலியாணம் செய்கிறார். நாங்கள் ஐந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருந்து பார்த்தோம். எங்களில் ஒருவர் படம் முழுவதும் மீராவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிப்பெட்டி மணிக்கட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியபோது அதுதான் நினைவுக்கு வந்தது. செய்ய வேண்டியதில்லை என்று அன்று எங்களுக்குத் தெரிந்தது.

---

ஒளிப்பெட்டி எழுதியது:

தங்கச்சி, அந்த வரியை நான் தொழில்காரன் திமிரில் எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். போன மாதம் ஒரு மணமகளின் அகன்ற தோளை எந்தக் கோணத்தில் ஒளிக்கலாம் என்று அரை மணித்தியாலம் மினக்கெட்டேன். அவர் பிறவியிலேயே பெண்தான், நீச்சல் வீராங்கனை. ஒளித்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது நானில்லையே" என்றார்.

வேறு படங்கள் தேடுகிறவர்களுக்கு இரண்டு. 'ஃபேர்வெல் மை கொன்கியுபைன்' (1993), பீக்கிங் இசை நாடகத்தில் பெண் பாத்திரத்துக்கென்றே சிறு வயதில் அடித்துப் பழக்கப்பட்ட ஒருவரின் கதை, லெஸ்லி சுங் நடித்தது. 'நட்ரங்' (2010), மராத்தி. தமாசா என்ற மராட்டிய நாட்டுப்புற ஆட்டத்தில் பெண் சாயலில் ஆடும் வேடத்துக்கு ஆள் கிடைக்காததால் பயில்வான் ஒருவன் உடம்பை இளைக்க வைத்து ஆடுகிறான். ஊர் அவனை என்ன செய்தது என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

வைகறை பிள்ளைக்கு. இத்தனை வருடம் மேசையில் தட்டியதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இப்போது வகுப்பும் இல்லை, மேசையும் இல்லை. பேரன் இரவுகளில் நன்னூல் கேட்டு வருகிறான். அந்த நூற்பா அடுத்த கிழமை வரும்.

---

வடலி எழுதியது:

ஒரு சின்ன இணைப்பு. எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி ஓர் ஐயா இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். இளமையில் இசை நாடகங்களில் பெண் வேடம் போட்டவர். இந்த விவாதத்தை அவரிடம் சொல்லிக் கேட்போம் என்று நேற்றுப் பின்னேரம் போனேன். கைப்பேசியில் 'அவ்வை சண்முகி'யில் ஒரு காட்சியும் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஒரு காட்சியும் காட்டினேன்.

கமலைப் பார்த்து, "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் இருக்கும்போது முழங்கால் அகலுகிறது" என்றார். ஷில்பாவைப் பார்த்து நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "இந்தப் பிள்ளை தலைப்பை இழுத்து மூடுகிறதே, அது நடிப்பில்லை, பயம்" என்றார். விஜய் சேதுபதியைத்தான் பிள்ளை என்றாரா, ஷில்பாவையா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை யாரும் கேலி செய்தார்களா என்று கேட்டேன். கேள்வி விழவில்லையோ என்னவோ, எழும்பி உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தார். உள்ளே சவுரி முடி. பழைய செய்தித்தாளில் சுற்றி, கற்பூரம் போட்டு வைத்திருக்கிறார். அதைத் தடவிக்கொண்டே, "சந்தைக்குப் போனால் சந்திரமதி வருகிறாள் என்பார்கள். சிலர் மரியாதையாகச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி. இரண்டுக்கும் நான் ஒரே மாதிரித்தான் தலையாட்டினேன்" என்றார்.

குசினிக்குள் இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "என்னுடைய கூறைச்சீலையை நான் கட்டியது இரண்டு தரம். இவர் கட்டியது எத்தனை மேடை என்று கேளுங்கள்."

---

கதிரைக்கடியில் பூனை எழுதியது:

கூறை என்ன நிறம்? இன்னும் இருக்கிறதா?

---

வடலி எழுதியது:

அரக்கு. இருக்கிறது, எடுத்துக் காட்டினார். தலைப்புக் கரையில் முத்துவெள்ளை பட்ட கறை ஒன்று உண்டு. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லையாம்.